இரதி மதனும் திரைக் காதலரும்: மலைநாட்டில் காதலிணை நயந்த வரலாறு

தலைவனும் தலைவியும் ஒருவருக்கொருவர் பொருந்தியவர் என்று கொள்வதற்கு எவ்வெவ் ஒப்புமைகள் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தார். பிறப்பும் குடியும் தொடங்கி, ஆண்டும் உருவும் இடைப்பட, அருளும் உணர்வும் திருவும் ஈறாக அவர் கண்டவை பத்து. இவற்றுட் சில கண்ணாற் கண்டு அளவிடத்தக்கன. சில உள்ளத்தால் மட்டும் உணரத்தக்கன. வெண்திரையிற் காதலராய்த் தோன்றும் இருவரைக் கண்டு, 'நல்ல சோடிப் பொருத்தம்' என்று மக்கள் மகிழுங்கால், அவர்கள் தேடுவது பெரும்பாலும் இப்பத்தையே எனலாம். ஆயின் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டமக்கள் இவற்றின் மேலும் ஒன்றைத் தேடினர். இணைந்தோர் பிரியுமிடத்து எவ்வாறு நிற்கின்றனர் என்பதே அது. சேர்க்கையைக் கண்டு மகிழ்ந்தவர், பிரிவைக் கண்டே தீர்ப்புக் கூறினர். இவ்வழக்கம் திரைப்படத்தோடு வந்ததன்று. அதனினும் மூத்த வரலாறு உடையது.

அக்கரப்பத்தனை, நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு அப்பால் ஆக்ரா ஓயாவின் கரைமேல் உயர்ந்துசெல்லும் தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிறு நகரம். சூழவுள்ள தோட்டங்களின் பெயர்கள் வேவர்லி, பல்மோரல், கிளாஸ்கோ, டொறிங்டன் என்று கடல் கடந்து வந்தவை. வேவர்லி என்பது சேர் வால்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட புகழ்பெற்ற நவீனத்தின் பெயருமாகும். பெயரிட்ட துரைமார் கதையை நினைத்தனரோ, ஊரை நினைத்தனரோ, அதனால் ஆவதொன்றில்லை. அப்பெயர்களின் கீழ் வாழ்ந்தோர் திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பரா ஒன்றில் தாய் தந்தை, மக்கள், சில வேளைகளில் மருமகளும் உடனுறைந்தனர். கணவனும் மனைவியும் தனித்துப் பேசுதற்கும் இடமில்லாத அவ்வீடுகளில், காதல் என்பது பொதுவிடத்திற் பலரும் கூடியிருந்து காணும் காட்சியாகவே முதலில் அறியப்பட்டது. அக்காட்சியை அளித்தது காமன் கூத்து.

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டபின், தோட்டத்தின் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றுவர். ஆமணக்கும் கரும்பும் வைக்கோற் பிரியும் அதற்கு உறுப்பாவன. இரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். மரபுப்படி இருவரும் ஆடவரே. தப்பு முழங்க, இரவுதோறும் ஆட்டம் வளர்ந்து, இருவருக்கும் மணம் நிகழும், மதன் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படுவான், இரதி தடுப்பாள், அவன் செல்வான், எரிவான். பின்னர் இரதியின் புலம்பல். மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுதல்.

இக்கதை யாழ்ப்பாணத்தார்க்கும் புதியதன்று. கச்சியப்பரின் கந்தபுராணத்திற் காமதகனப் படலத்தை ஆண்டுதோறும் படித்துப் பயன்சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். ஆயின் கோயில் மண்டபத்தில் இருந்து கேட்டோர்க்கு அக்கதை குமரக் கடவுளின் தோற்றத்துக்கு வழியமைக்கும் ஒரு படி. காமன் எரிந்தபின் கதை கயிலையை நோக்கி மேற்செல்லும். பொட்டலில் நின்று கண்டோர்க்கோ எரிதலே கதையின் நடு. நாட்டார் மரபில் இரதி சிவன் மகள், மதன் திருமால் மகன். எனவே எரித்தவன் மாமன், எரிந்தவன் மருமகன், இடையில் நின்று கதறுபவள் மகள். புராணத்துத் தேவர் காரியம் இவ்வாறு ஒரு குடும்பத்து வழக்காய் மாறியது. தந்தையின் ஆணைக்கும் கணவனின் பிடிவாதத்துக்கும் இடையே ஒரு பெண் படும் துயரத்தை அறியாத வீடு எந்த லயத்திலும் இல்லை. இரதியின் புலம்பலிற் பெண்கள் உடன் அழுதனர் என்றால், அது புராணத்திற்கான அழுகை மட்டும் அன்று.

இரதியும் மதனும் தம்முள் வாதிடும் தருக்கப் பகுதி தனியே நோக்கத்தக்கது. என் தந்தை பெரியவரா உன் தந்தை பெரியவரா என்று தொடங்கும் அவ்வாதம், வெளித்தோற்றத்திற் சைவ வைணவப் பூசல். உள்ளே கணவன் மனைவி ஊடல். ஆடுவோர் இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் ஏந்தி மறுமொழி தொடுக்கும் விரைவிலேதான் அவர்களின் பொருத்தம் மதிப்பிடப்பட்டது. உருவம் இங்கே உதவாது. ஆண் ஒருவர் சேலையுடுத்து நின்றார் என்பதை யாவரும் அறிவர். ஆகவே அழகினால் எழும் மயக்கத்தை நீக்கிய பின்னரும் எஞ்சும் பொருத்தம் எதுவோ அதனை அறியும் பயிற்சி, திரைப்படம் தோன்றுதற்கு முன்னரே இம்மக்களுக்கு வாய்த்திருந்தது. தஞ்சைப் பகுதியில் மராட்டியர் காலத்தில் வேரூன்றிய இலாவணிப் பாட்டில், காமன் எரிந்தான் என்போர் எரிந்த கட்சி எனவும், எரியவில்லை என்போர் எரியாத கட்சி எனவும் பிரிந்து விடியுமளவும் போட்டியிட்டுப் பாடினர். அங்கிருந்து குடிபெயர்ந்தவர்களின் மரபினர், பிற்காலத்தில் இந்த நடிகருக்கு இந்த நடிகையே ஏற்றவள், அவளன்று, இவள்தான் என்று தேநீர்க்கடையிற் கட்சி கட்டி வாதிட்டதில் வியப்பு யாதுளது? இன்று செய்மதித் தொலைக்காட்சித் தொடர்களின் காதலர் குறித்து நடைபெறும் வாதங்களும் அவ்வழியினவே. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்ற பெயர்கள் மட்டுமே இல்லை.

இக்கூத்தினைக் கற்றோர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றி ஈழத்துக் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அப்பணி பெரிது. ஆயின் அங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், ஆண்டு தவறாது ஆடப்பட்டுவந்த காமன் கூத்து, ஆய்வாளர் கண்ணில் அதற்குப் பின்னரே முறையாகப் பட்டது. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அம்மண்ணிலேயே பிறந்தவர் என்பது எண்ணத்தக்கது.

கூத்துக்கும் திரைக்கும் இடையே நாடகக் கொட்டகை நிற்கின்றது. அதன் வரலாற்றிலும் இலங்கைக்கு ஒரு தனியிடம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் வள்ளி திருமணம் முதன்மையானது. வேடனாய் வந்த முருகனும் தினைப்புனங் காக்கும் வள்ளியும் தருக்கமாடும் பகுதி, நடிகரின் உடனடிச் சொல்வன்மைக்கு விடப்பட்டது. 1926ஆம் ஆண்டளவில் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்தனர். அவருக்கு வயது இருபது. இவருக்கு அதனினும் ஓரிரண்டு குறைவு. மேடையில் ஒருவர் குரலை ஒருவர் குரல் துரத்திப் பிடிக்கும் அழகைக் கேட்டோர், இது நடிப்பன்று என்று கருதினர். கருதியது பிழையுமன்று, 1927இல் அவர்கள் மணந்துகொண்டனர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர். வாழ்க்கை, மேடையிற் போல் இனிதாய் அமையவில்லை; பிரிந்தும் வாழ்ந்தனர். 1933 டிசம்பரில், இருபத்தெட்டு ஆண்டும் நிரம்பாத நிலையிற் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். இனி எந்த ஆடவருடனும் சோடியாக நடிப்பதில்லை என உறுதிகொண்டார். 1935இல் நந்தனார் படத்திற்கு அவரை அழைத்தவர்கள் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் அளித்தனர். அவர் ஏற்ற வேடம் நந்தனாருடையதே, ஆண் வேடம். தமிழ் நாடக உலகின் புகழ்மிக்க காதலிணை ஏழாண்டுகளே நீடித்தது. அதன் புகழோ, அவர் தனித்து வாழ்ந்த எஞ்சிய நாற்பத்தேழு ஆண்டுகளாலேயே நிலைபெற்றது எனலாம். மதன் எரிந்தபின் இரதி நின்ற நிலையைப் பொட்டலிற் கண்டு பழகியோர்க்கு இச்செய்தியின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருந்திராது.

பேசும்படம் தமிழுக்கு வந்தது 1931இல். காளிதாஸ் என்னும் அம்முதற் படத்தில் தலைவி ரி. பி. இராஜலட்சுமி தமிழிற் பேசினார். தலைவன் தெலுங்கிற் பேசினார். மொழி பொருந்தாத காதலர் என்று நகைக்கலாம். மக்கள் நகைக்கவில்லை, திரண்டு சென்று பார்த்தனர். தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் 1937இல் நெறிப்படுத்திய அம்பிகாபதியில், தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் தோன்றிய காதற்காட்சிகள் அக்காலத்தார்க்குப் புதுமையாயிருந்தன. அக்கதையும் காதலர் அழிவில் முடிவதே. எனினும் குறிப்பிட்ட ஒருவரையும் குறிப்பிட்ட ஒருத்தியையும் படந்தோறும் சேர்த்துக் காணவேண்டும் என்ற வேட்கை வலுப்பெற்றது 1950களில். ஜெமினி கணேசனும் சாவித்திரியும், சிவாஜி கணேசனும் பத்மினியும், 1958இல் நாடோடி மன்னனுக்குப் பின் எம். ஜி. ஆரும் சரோஜாதேவியும் என இணைகள் நிலைபெற்றன. கடைசியிற் கூறிய இருவர் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட படங்களிற் சேர்ந்து நடித்தனர்.

இலங்கைச் சிங்களத் திரையும் இதற்கு விலக்கன்று. 1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படமான கடவுனு பொறொந்துவவின் தலைவி ருக்மணி தேவி, நுவரெலியாவை அடுத்த றம்பொடையிற் பிறந்த தமிழ்க் கிறித்தவப் பெண். அவர் வாழ்க்கைத் துணையும் அப்படத்து நடிகர் எடி ஜயமான்னவே. மலைநாட்டு மண் ஈன்ற காதற்றலைவி சிங்கள மக்களின் நெஞ்சிற் குடிபுகுந்தார் என்பதைத் தோட்டமக்களிற் பலர் அறியாதிருந்தது ஒரு வியப்பு.

அக்கரப்பத்தனைப் பகுதித் தொழிலாளர் ஒரு படத்தைக் காண ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்லவேண்டுமாயின், சம்பள நாளும் ஓய்வு நாளும் கூடிவருதல் வேண்டும். பேருந்துக் கட்டணமும் வேண்டும். ஆகவே படமாளிகை அவர்க்கு அரிதாய்க் கிட்டியது; நாடோறும் கிட்டியது வானொலி. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபின், திரைப்பாடல்கள் தேநீர்க்கடையிலும், பின்னர் கையடக்க வானொலி வந்தபோது லயத்து வாசலிலும் ஒலித்தன. படத்தைக் காணுமுன் பாட்டைக் கேட்டனர். பலர் பாட்டை மட்டுமே கேட்டனர். இதனால் ஒரு நுட்பமான விளைவு உண்டாயிற்று. அவர்கள் நயந்த இணை முகங்களின் இணையன்று, குரல்களின் இணை. ரி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பாட்டில் எம். ஜி. ஆரையும் சரோஜாதேவியையும் கண்டனர். அதே இரு குரல்களில் வேறொரு பாட்டிற் சிவாஜியையும் பத்மினியையும் கண்டனர். ஒரே ஆண்குரல் இரு தலைவர்க்கும் உரியதாயிருக்க, இன்னார்க்கு உரிய பாட்டு இது என்று முதலடியிலேயே பிரித்தறியும் செவி அவர்களுக்கு இருந்தது. சேலையுடுத்த ஆடவரிடத்து இரதியைக் கண்டவர்களுக்கு, முகமில்லாக் குரலிற் காதலரைக் காண்பது அரிதன்று.

நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சியில், பாட்டை விரும்பிக் கேட்டோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. தபாலட்டை ஒன்றின் விலையில், ஒரு தோட்டத்து இளைஞன் தன் பெயரை நாடு முழுதும் ஒலிக்கச் செய்யலாம். அப்பெயருக்கு அடுத்து யார் பெயர் எழுதப்பட்டது என்பதை ஊரார் கவனிக்காமல் இருந்திருப்பரோ? மாமன் மகன், அத்தை மகள் என்ற முறையால் மணம் முடிவாகும் சமுதாயத்தில், தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத ஓர் இளம்பெண், திரையில் வரும் இணையொன்றைத் தான் விரும்புவதாகச் சொல்லலாம். அது குற்றமாகாது. சினிமாப் பைத்தியம் என்று பெரியோரும் ஆசிரியரும் கடிந்தனர். கடிந்தவர்கள் கண்டது செலவையும் பொழுதிழப்பையும் மட்டுமே. தன் நெஞ்சைப் பிறர்மேல் ஏற்றிக் கூறும் பழைய அகமரபு அதற்குள் இருந்ததை அவர்கள் காணவில்லை.

மேலும், இவ்விணைகளுள் எவை மிக விரும்பப்பட்டன என்று நோக்கின், பிரிவின் வலிமை புலனாகும். 1953இல் வெளியான தேவதாஸிற் காதலர் கூடவேயில்லை. 1959இல் ஸ்ரீதர் இயக்கிய கல்யாணப் பரிசிற் சரோஜாதேவி ஜெமினி கணேசனைத் தமக்கைக்கு விட்டுக்கொடுக்கின்றார். இவை தமிழ்கூறும் நல்லுலகெங்கும் போற்றப்பட்டவைதாம். ஆயின் தோட்டங்களில் இவற்றுக்குத் தனிப்பொருள் உண்டு. இலக்கண நூலார் மலைக்கு உரிய பொருள் புணர்தல் என்றும், பிரிதல் பாலைக்கு உரியது என்றும் வகுத்தனர். தேயிலை மலையில் அவ்விலக்கணம் மாறிப்போயிற்று. நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் பாலை. பிறந்த ஊரைப் பிரிந்து வந்தவர்கள் முதற் தலைமுறை. நாட்டுரிமையைப் பிரிந்தவர்கள் இரண்டாம், மூன்றாம் தலைமுறை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை எந்நாட்டினரும் அல்லாதவராக்கியது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இவ்வொப்பந்தம் கைச்சாத்தான மறு ஆண்டு, 1965இல், எம். ஜி. ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தனர். எம். ஜி. ஆர். 1917இல் கண்டிப் பகுதியிற் பிறந்தவர். சிறுவயதில் இந்நாட்டை விட்டு நீங்கியவர். திரையிற் காதலராய்க் கண்ட இருவரை நேரில் ஒருங்கே காணக் கிடைத்த அந்நாளில், கூடியிருந்தோரிற் பலருக்கு, தாம் இந்நாட்டில் இருப்போமா போவோமா என்பது தெரியாது. அவ்விருவரும் ஏழை மீனவராய் நடித்த படகோட்டி 1964இல் வெளிவந்திருந்தது. பகைகொண்ட இரு குப்பங்களைச் சேர்ந்தோர் காதலித்துக் கூடும் கதை அது.

தோட்டங்களிலோ இரு குப்பங்கள் வேண்டியதில்லை. ஒரே லயத்தில் ஒரு காம்பராவினர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அடுத்த காம்பராவினர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். தந்தையின் விண்ணப்பத்தோடு மக்களின் விதியும் பிணைந்தது. பேசி முடித்த மணங்கள் முறிந்தன. சில, அவசரமாய் நடந்தேறின. எவரிடமும் சொல்லப்படாத விருப்பங்கள் எத்தனை முறிந்தன என்பதற்கு எந்தக் கந்தோரிலும் பதிவேடு இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தயங்கியிருந்தோரையும் புறப்படச் செய்தது. தலைமன்னாருக்குச் செல்லும் புகைவண்டியை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றனர். காமன் பொட்டலிற் பயின்ற புலம்பல், புகைவண்டி மேடைக்கு வந்தது. அங்கே மூன்றாம் நாள் உயிர்ப்பு இல்லை.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன் கையிற் கொண்டது. இந்தியப் படங்களின் வரவு சுருங்கவே, பழைய படங்களே மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. தமிழகத்தில் எம். ஜி. ஆருக்கு வேறு தலைவியர் வந்துவிட்ட பின்னரும், இங்கே சரோஜாதேவி அவருக்கு இணையாகவே நெடுநாள் நீடித்தார். 1975இல் வி. பி. கணேசன் தோட்டவாழ்வைப் பொருளாகக் கொண்டு புதிய காற்று என்னும் படத்தைத் தயாரித்து நடித்தார். 1978இல் இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பான பைலட் பிரேம்நாத்திற் சிவாஜி கணேசனுக்கு மனைவியாகச் சிங்களத் திரையின் மாலினி பொன்சேகா தோன்றினார். இவை வரவேற்கப்பட்டன, ஆனால் முன்னைய இணைகளின் இடத்தை எவையும் பிடிக்கவில்லை.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவை 1984இல் போரினால் நின்றது. சென்றவர்களிற் பலர் நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். மீண்டும் தேயிலை, மீண்டும் மலை, மீண்டும் லயம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அம்மலைகளிலும் தெளிவாய்க் கேட்டது. அக்கரப்பத்தனையிலும் கூடலூரிலும் ஒரே வேளையில் அதே சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடினர். பாட்டுக்கு முன் வாசிக்கப்பட்ட நேயர் பெயர்களில் இரு கரையின் ஊர்களும் இருந்தன.